கைதிக்குக் காலேஜ் படிப்பு எதற்கு?

"நம் பிள்ளை பத்தாவது தாண்டுவதற்குள் நமக்கு மூச்சு முட்டிப் போகிறது. காலேஜ் சம்பளம் கட்ட மாட்டை விற்கிறோம், தோட்டை அடகு வைக்கிறோம். திருடியவனுக்கும் வெட்டியவனுக்கும் ஜெயிலுக்குள்ளேயே சர்க்கார் செலவில் பி.ஏ. பட்டமா? இது என்ன நியாயம்?"

ஆலை வாசல் டீக்கடையில் இப்படி ஒருவர் கேட்டால், சுற்றி இருக்கும் பத்துப் பேரில் எட்டுப் பேர் தலையாட்டுவார்கள். கேட்பவரை நாம் கோபிக்க மாட்டோம். வயிற்றெரிச்சலில் பிறந்த கேள்வி அது. பதில் சொல்லாமல் தட்டிக் கழிக்கவும் நமக்கு உரிமையில்லை.

ஆனால் இதே கேள்வி அமெரிக்காவில் 1994-ம் ஆண்டு கிளப்பப்பட்டது. கிளப்பியவர்கள் ஏழைத் தகப்பன்மார் அல்ல. சட்டசபையில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள். அதற்கு அவர்கள் ஒரு விடையும் கண்டார்கள். அந்த விடையைத் திருத்த அந்த நாட்டுக்கு 29 வருஷம் பிடித்தது. அந்தக் கதையைக் கணக்கு வழக்கோடு பார்த்துவிட்டு, பிறகு நம் டீக்கடைக்குத் திரும்பி வருவோம்.

ஏழைக்கு ஒரு நிதி

அமெரிக்காவில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் காலேஜ் படிக்க மத்திய சர்க்கார் ஓர் உபகாரச் சம்பளம் தருகிறது. 1972-ம் வருஷத்துச் சட்டத்தின்படி வந்த உதவி அது. அதற்காகப் பாடுபட்ட ஸெனட்டர் க்ளேபார்ன் பெல் என்பவரின் பெயரால் 'பெல் உதவித் தொகை' என்று பின்னால் பெயர் பெற்றது. கடன் அல்ல, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. குடும்ப வருமானம் குறைவு என்று காட்டினால் போதும். சிறையில் இருப்பவனுக்கு வருமானம் ஏது? ஆகவே கைதிகளும் அதற்கு மனுப்போட முடிந்தது.

இந்த உதவி வருவதற்குச் சற்று முன், 1971-ம் வருஷம் செப்டம்பர் மாதம், நியூயார்க் மாகாணத்தில் அட்டிக்கா சிறைச்சாலைக் கைதிகள் கிளர்ந்தெழுந்தார்கள். வேலைக்கு உரிய கூலி, சாப்பிடத் தகுந்த உணவு, வைத்திய வசதி, மத சுதந்திரம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்த கோரிக்கைகளில் ஒன்று என்ன தெரியுமா? 'சிறையில் கல்வி முறையைச் சீர்படுத்து' என்பது. நான்கு நாள் பேச்சு நடந்தது. ஐந்தாம் நாள் போலீஸ் துப்பாக்கியோடு நுழைந்தது. அன்று மட்டும் 39 பேர் மாண்டார்கள். அவர்களில் பத்துப் பேர் பணயமாகப் பிடிக்கப்பட்டிருந்த சிறை ஊழியர்கள். கலவரம் முழுவதிலும் இறந்தவர்கள் 43 பேர். புத்தகம் கேட்டவர்களும், அவர்களைக் காவல் காத்த கூலிக்காரர்களும் ஒரே முற்றத்தில் விழுந்தார்கள்.

அதற்குப் பின் இருபது வருஷ காலத்தில் அந்த நாட்டுச் சிறைகளில் காலேஜ் வகுப்புகள் நூற்றுக்கணக்கில் பெருகின. பக்கத்து ஊர்க் காலேஜிலிருந்து வாத்தியார்கள் சிறைக்குள் வந்து பாடம் நடத்தினார்கள். செலவின் பெரும்பகுதியைப் பெல் உதவித் தொகை ஏற்றது.

1994-ல் நடந்தது என்ன?

1994-ம் வருஷம் பெரிய குற்றத் தடுப்புச் சட்டம் ஒன்று வந்தது. கைதிகளுக்குப் பெல் உதவி கிடையாது என்று அதில் ஒரு விதியைச் செருகினார்கள். ஜனாதிபதி கிளின்டன் செப்டம்பர் 13-ந் தேதி கையெழுத்திட்டார். "உழைத்துச் சாப்பிடும் குடும்பத்துப் பிள்ளையின் பணத்தைக் குற்றவாளி பிடுங்கித் தின்கிறான்" என்பதுதான் அன்று எழுப்பப்பட்ட கூச்சல்.

சரி, பிடுங்கித் தின்றது எவ்வளவு? அமெரிக்க காங்கிரஸின் சொந்தத் தணிக்கை அலுவலகமே அதே வருஷம் கணக்கெடுத்தது. பெல் உதவி பெற்றவர்கள் சுமார் 40 லட்சம் பேர். அவர்களில் கைதிகள் சுமார் 23,000 பேர். ஆயிரத்துக்கு ஆறு பேர் கூட இல்லை! அவர்களுக்குப் போன பணம் சுமார் மூன்றரைக் கோடி டாலர்; மொத்த நிதியில் நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. கைதிகளுக்குக் கொடுத்ததனால் வெளியே எந்த ஏழை மாணவனுக்கும் உதவி மறுக்கப்படவில்லை என்றும் அந்த அலுவலகம் எழுதி வைத்தது. ஏனென்றால், தகுதியுள்ள எல்லோருக்கும் கிடைக்கும் உதவி அது. ஒருவன் வாங்கினால் இன்னொருவன் வரிசையிலிருந்து தள்ளப்படுவதில்லை.

கணக்கு மேஜை மேல் இருந்தது. கூச்சல் வென்றது.

அதே சட்டம் புதுச் சிறைகளுக்காக எவ்வளவு ஒதுக்கியது? சுமார் 970 கோடி டாலர்! வகுப்பறையிலிருந்து மூன்றரைக் கோடியைப் பிடுங்கியவர்கள், கம்பிக் கதவுக்கு 970 கோடியை வாரிக் கொடுத்தார்கள். அப்படியானால் 'ஏழைப் பிள்ளையின் பணம்' எங்கே போயிற்று? ஏழைப் பிள்ளையின் காலேஜ் சம்பளம் குறைந்ததா? குறையவில்லை, வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போயிற்று. கைதியின் கையிலிருந்து பறித்த புத்தகம் ஏழைப் பிள்ளையின் கைக்கு வந்து சேரவில்லை. இரண்டு பேரும் இழந்தார்கள்.

நண்பர்களே, இந்த வித்தை நமக்குப் புதிதா? நிரந்தரத் தொழிலாளியிடம் "பதிலி ஆட்களால்தான் உனக்குப் போனஸ் குறைகிறது" என்பார்கள். உள்ளூர்க் கூலியாளிடம் "வெளியூர் ஆட்களால்தான் உனக்கு நடவு இல்லை" என்பார்கள். இல்லாதவனை இல்லாதவனோடு மோதவிட்டு, இருக்கிறவன் சும்மா வேடிக்கை பார்ப்பான். 1994-ல் நடந்ததும் அதுவே.

உள்ளே இருப்பவர்கள் யார்?

உதவி நின்றதும் வகுப்புகள் மளமளவென்று மூடப்பட்டன. சில வருஷங்களில் விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டது. பாதிப் பட்டத்தோடு நின்றவர்கள் எத்தனையோ பேர்.

யார் இவர்கள்? அமெரிக்கச் சிறைகளிலும் காவல் கூடங்களிலுமாக இன்று 18 லட்சம் பேருக்கு மேல் அடைபட்டிருக்கிறார்கள். அந்த நாட்டு ஜனத்தொகையில் கறுப்பு இன மக்கள் நூற்றுக்குப் பதினான்கு பேர். தண்டனைக் கைதிகளிலோ மூன்றில் ஒரு பங்கு அவர்கள்தான். பள்ளியைப் பாதியில் விட்டவர்கள், வேலை கிடைக்காதவர்கள், வாடகை வீட்டுக்காரர்கள். கோடிக் கணக்கில் மோசடி செய்தவனுக்கு நல்ல வக்கீல் இருக்கிறான். சில்லறைத் திருட்டில் சிக்கியவனுக்கு யார் இருக்கிறார்கள்?

அடிமை முறையை ஒழித்த 1865-ம் வருஷத்து அரசியல் சட்டத் திருத்தமே, 'குற்றத்துக்குத் தண்டனையாக அன்றி' என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தது. அந்த வாசல் வழியாகத்தான் இன்றும் கைதியிடம் வேலை வாங்குகிறார்கள். பல மாகாணங்களில் ஒரு மணி வேலைக்குச் சில சென்டு காசு. டெக்ஸாஸ் மாகாணத்தில் பெரும்பாலான வேலைக்கு அதுவும் இல்லை. உழைப்பை வாங்கும்போது "இவன் குற்றவாளி, எதற்கு வேலை?" என்று எவரும் கேட்பதில்லை. புத்தகம் கொடுக்கும்போது மட்டும் அந்தக் கேள்வி வருகிறது!

"அவனால் பாதிக்கப்பட்டவர்கள் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். கொலையில் மகனை இழந்த தாய்க்கு எந்தப் பட்டமும் ஈடாகாது. அந்தத் துயரத்துக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால் நீதிமன்றம் விதித்த தண்டனை, இத்தனை வருஷம் சுதந்திரத்தை இழந்திரு என்பது. முட்டாளாய் இரு என்று எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுதவில்லை. சிறைக்குப் போகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஒரு நாள் வெளியே வருகிறார்கள். நம் தெருவுக்குத்தான் வருகிறார்கள். பங்களாத் தெருவுக்கு அல்ல. கையில் தொழிலும் தலையில் படிப்பும் இல்லாமல் வந்தால் யாருக்கு ஆபத்து? பாதிக் கூலிக்கு ஆள் தேடும் முதலாளி அவனைத்தானே முதலில் பிடிப்பான்? அப்போது யாருடைய கூலி குறையும்? நம்முடையதுதான்.

அணையாத அடுப்பு

பணம் நின்றபோதும் எல்லாம் அணைந்துவிடவில்லை. ஸான்பிரான்ஸிஸ்கோ பக்கத்தில் ஸான் குவெண்டின் என்ற பழைய சிறைச்சாலை இருக்கிறது. தடை வந்து இரண்டே வருஷத்தில், 1996-ல், சில வாத்தியார்கள் சம்பளம் வாங்காமலே அங்கு வகுப்புத் தொடங்கினார்கள். அந்த வகுப்பு வளர்ந்து, மவுண்ட் தமால்பைஸ் காலேஜ் என்ற பெயரில், 2022-ம் வருஷம் ஜனவரியில், சிறைக்குள்ளேயே இயங்கும் தனிக் காலேஜாக அங்கீகாரம் பெற்றது.

நியூயார்க் மாகாணத்தில் பார்ட் என்ற காலேஜ் 2001 முதல் சிறைகளில் பாடம் நடத்தி வருகிறது. 2015-ம் வருஷம் செப்டம்பரில் அந்தக் கைதி மாணவர்கள் ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவர்களோடு பட்டிமன்றத்தில் மோதினார்கள். ஹார்வர்ட் என்றால் உலகத்துப் பணக்காரப் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு சேரும் இடம். கைதிகளுக்கு இண்டர்நெட் கிடையாது. கேட்ட புத்தகம் கைக்கு வரச் சிறை அதிகாரியின் அனுமதி வேண்டும். தங்களுக்கே உடன்பாடில்லாத கட்சியைப் பேசும்படி அவர்களுக்கு அமைந்தது. அப்படியும் கைதிகளே ஜெயித்தார்கள்! மூளை மாளிகையில்தான் பிறக்கும் என்பவர்களுக்கு இதைவிட வேறென்ன பதில் வேண்டும்?

காசுக் கணக்கு மட்டுமே பேசுகிறவர்களுக்கும் பதில் இருக்கிறது. 2013-ல் ராண்ட் என்ற ஆராய்ச்சி ஸ்தாபனம், அமெரிக்க நீதி இலாகாவின் பணத்தில், பல வருஷத்து ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. சிறையில் ஏதாவதொரு கல்வித் திட்டத்தில் சேர்ந்தவர்கள் மறுபடி சிறைக்குத் திரும்பும் வாய்ப்பு, சேராதவர்களைவிட 43 சதவீதம் குறைவு என்று கண்டது. "படிக்க வருகிறவன் முன்பே திருந்த நினைத்தவன்தானே?" என்று கேட்கலாம். அந்த ஆட்சேபத்தை மனதில் வைத்து, கண்டிப்பான முறையில் நடந்த ஆய்வுகளைத் தனியே பிரித்து எடுத்த முடிவுதான் இது. கல்விக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும், மூன்று வருஷத்தில் மறு சிறைச் செலவில் நாலைந்து டாலர் மிச்சம் என்பதும் அதே ஆய்வின் கணக்கு.

மதகு திறந்தது, வாய்க்கால்?

கடைசியில் சர்க்கார் இறங்கி வந்தது. 2015-ல் சில காலேஜுகளுக்கு மட்டும் என்று ஒரு சோதனைத் திட்டத்தை அறிவித்தார்கள். 2020-ம் வருஷம் டிசம்பரில் தடையை நீக்கும் சட்டம் நிறைவேறியது. 2023-ம் வருஷம் ஜூலை முதல் தேதி அது அமலுக்கு வந்தது. 1994-ல் அடைத்த மதகு திறந்தது.

ஆனால் மேட்டூரில் தண்ணீர் திறந்த செய்தி பத்திரிகையில் வந்தால் கடைமடை வயல் நனைந்துவிடுமா? வாய்க்கால் தூர் வார வேண்டும். மடை மடையாகத் திறந்து அடைத்து, வயலுக்கு வயல் தண்ணீர் பாய்ச்ச ஓர் ஆள் வேண்டும். சிறைக் கல்வியிலும் அப்படி ஓர் ஆள் வேண்டும். காலேஜுக்கும் சிறைக்கும் நடுவே நின்று காரியம் பார்க்கும் ஒருங்கிணைப்பாளர்தான் அவர். அவர் வேலை என்ன என்று பாருங்கள்.

முதலில் காகிதம். உள்ளே இருப்பவனுக்குப் பள்ளிச் சான்றிதழ் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. பழைய கல்விக் கடன் கட்டாமல் தவணை தவறியிருந்தால் உபகாரச் சம்பளம் கிடைக்காது. ஒவ்வொருவனுக்கும் கடிதம் எழுதி, மனு நிரப்பி, சிக்கலை அவிழ்க்க வேண்டும்.

அடுத்தது வாத்தியாரும் புத்தகமும். வாத்தியார் உள்ளே வர அனுமதிச் சீட்டு. அவர் கொண்டுவரும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் சோதனை. வகுப்பு நடுவில் தலை எண்ணும் மணி அடித்தால் பாடம் நிற்கும். எங்கோ ஒரு தகராறு என்றால் எல்லா அறையும் பூட்டப்படும். அந்த வாரம் வகுப்பே இல்லை.

எல்லாவற்றையும்விடக் கொடியது இடமாற்றம். பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது கைதியை வேறு சிறைக்கு ஏற்றி அனுப்பிவிடுவார்கள். புதுச் சிறையில் வேறு காலேஜ், வேறு பாடம், படித்ததெல்லாம் பாழ். பரீட்சை முடியும்வரை மாற்றாதே என்று சிறை அதிகாரிகளோடு பேசி ஏற்பாடு செய்வதும், மாற்றினாலும் தேறிய பாடங்கள் செல்லும்படி காலேஜுகளுக்குள் ஒப்பந்தம் போடுவதும் ஒருங்கிணைப்பாளரின் தலைமேல் விழுகிறது.

பிறகு விடுதலை நாள். வெளியே வந்தவன் விட்ட இடத்திலிருந்து எந்தக் காலேஜில் தொடர்வான்? அவன் படித்த தொழிலுக்கு லைசென்ஸ் கொடுப்பார்களா? பல மாகாணங்களில் தண்டனை பெற்றவனுக்குச் சில தொழில்களில் லைசென்ஸ் மறுக்கிறார்கள். சிறையில் தேறிய பாடங்களை அந்த மாகாணத்தில் ஒரு காலேஜாவது ஏற்க வேண்டும், லைசென்ஸ் கிடைக்காத தொழிலுக்குப் பாடம் சொல்லி ஏமாற்றக் கூடாது, லாபத்துக்கு நடக்கும் காலேஜுகளுக்கு இதில் இடமில்லை என்று புது விதிகள் சொல்கின்றன. இவை நல்ல விதிகள். வரவேற்கிறோம்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். எந்தக் காலேஜ் எந்தச் சிறையில் பாடம் நடத்தலாம் என்பதற்குச் சிறை இலாகாவின் ஒப்புதல் வேண்டும். பூட்டுச் சாவி வைத்திருப்பவனிடமே பேனாவையும் கொடுத்தாயிற்று! நல்ல அதிகாரி இருந்தால் வகுப்பு நடக்கும். மாறி வேறொருவர் வந்தால் நின்றுபோகும். தயவில் நடக்கும் படிப்பு எத்தனை நாள் நிலைக்கும்? படிக்கிறவனுக்கும் பாடம் சொல்கிறவனுக்கும் இந்த ஏற்பாட்டில் உறுதியான குரல் வேண்டும்.

நம் ஊருக்கு வருவோம்

இனி நம் டீக்கடைக்குத் திரும்புவோம். நம் நாட்டிலும் சிறைக்குள் காலேஜ் படிப்பு உண்டு. இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பல சிறைச்சாலைகளில் படிப்பு மையம் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டுச் சிறைகளிலிருந்தும் தபால் வழியே படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் நம் சிறையில் இருப்பவர்கள் யார்? 2022-ம் வருஷக் கடைசியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள் என்று சர்க்கார் புள்ளிவிவரம் சொல்கிறது. அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேர்! குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். ஜாமீன் கட்டப் பணமில்லாமலும், வக்கீல் பீஸுக்கு வழியில்லாமலும் வாய்தா வாய்தாவாக உட்கார்ந்திருப்பவர்கள் அவர்களில் நிறையப் பேர். பெரும்பாலோர் பத்தாவது தாண்டாதவர்கள். அவர்கள் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

இவர்களுக்கு மூன்று வருஷப் பட்டப் படிப்பை எப்படிக் கொடுப்பது? இன்று ஜாமீன் வந்தால் நாளை வெளியே. வரவில்லை என்றால் ஐந்து வருஷம் உள்ளே. நாள் தெரியாத இந்த வாழ்க்கைக்கு ஏற்ற படிப்பு முறை வேண்டும். ஆறு மாதத்தில் முடிகிற சிறு சிறு பாடங்கள். வெளியே போனாலும் தொடரும் ஏற்பாடு. எழுத்தறியாதவனுக்கு அரிச்சுவடி முதல், தேறியவனுக்குப் பட்டம் வரை ஒரே ஏணி. அதோடு ஒவ்வொரு மத்திய சிறைக்கும், காகிதமும் பரீட்சையும் இடமாற்றமும் பார்த்துக்கொள்ளக் கல்வி இலாகாவின் சம்பளத்தில் ஒரு முழு நேர ஒருங்கிணைப்பாளர். வார்டரிடம் இதையும் சேர்த்துச் சுமத்தினால் நடக்காது. அவருக்கு இருக்கும் வேலையே அவருக்குப் போதும்.

இவ்வளவும் கேட்பதனால் வெளியே இருக்கும் நம் பிள்ளைக்கு ஒரு காசு குறையுமா? குறையாது. அமெரிக்காவின் கணக்கு அதைக் காட்டிவிட்டது. நம் பிள்ளைக்குக் காலேஜ் எட்டாமல் போவது கைதியின் புத்தகத்தால் அல்ல. சம்பளத்தை ஏற்றியவன் வேறு. கல்விக்கு ஒதுக்கும் தொகையைச் சுருக்கியவன் வேறு. கேள்வியை அவனிடம் கேட்போம்.

டீக்கடையில் கேட்ட நண்பருக்கு நம்முடைய பதில் இதுதான்: உன் பிள்ளைக்கும் காலேஜ் வேண்டும். ஜெயிலில் இருக்கும் உன் அடுத்த வீட்டுக்காரன் பிள்ளைக்கும் வேண்டும். ஒருவனுக்குக் கொடுக்கவேண்டுமானால் இன்னொருவனிடமிருந்து பிடுங்கவேண்டும் என்று யார் வந்து சொன்னாலும், முதலில் கணக்கைக் காட்டச் சொல். 1994-ல் அமெரிக்கத் தொழிலாளி கணக்கைக் கேட்காமல் தலையாட்டினான். நாம் கேட்டுவிட்டுப் பேசுவோம்.